நன்றாக ஓடுவதைச் சரிசெய்பவர்

உடைந்து போனதைச் சரிசெய்கிறவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வருவார்கள், சரிசெய்வார்கள், போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனத்தைப் பற்றி. இவர் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைச் சரிசெய்கிறவர்.

முகத்தை வைத்து இவரைக் கண்டுபிடிக்க முடியாது. சாதுவான முகம்தான். நாலு பேர் நடுவில் அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் வீட்டில் ஏதாவது ஒரு பொருள் முக்காமல் முனகாமல் பல மாதம் வேலை செய்துவிட்டால் இவருக்குள் ஒரு சந்தேகம் தலைதூக்கும். ஏன் இது என்னிடம் எதுவுமே கேட்பதில்லை? உடனே கிரீச்சிடாத கதவுக்கு எண்ணெய் விடுவார், சொட்டாத குழாயை அரைச் சுற்று இறுக்குவார், ஆடாத நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், ஆடும்வரை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, இப்பவே பார்த்தேன். விட்டிருந்தா பின்னாடி பெரிய வேலை வெச்சிருக்கும்" என்பார். பின்னாடி வரவிருந்த அந்தப் பெரிய வேலை அதற்குள் முன்வாசல் வழியாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கும்.

உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரியும். எனக்குத் தெரிந்தவர் என் அக்காவின் கணவர். மாமா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் இடம் கிடைக்காது.

மாமாவின் மேய்ச்சல் நிலம் லேப்டாப். அதுவும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிற லேப்டாப். அக்காவின் பழைய லேப்டாப் ஒரு காலத்தில் மாடிப்படி ஏறிய ஆள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் போடாமல் லினக்ஸைப் போட்டுக்கொடுத்தவர் அவர்தான். பழியைச் சொல்கிற வாய் புண்ணியத்தையும் சொல்ல வேண்டும்: அன்றிலிருந்து அது குதிரை. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது அக்காவின் தொழில். அவள் செய்த பக்கம் எல்லாம் அதற்குள்தான். ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. ஒரு நாளும் மாமாவைக் கூப்பிடவில்லை. ஒரு மனிதர் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வார்?

அன்றைக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். மத்தியானம் அவளுக்கு நேர்காணல். ஒரு பதிப்பகம், வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. அவள் வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்ட பிறகு வந்த முதல் அழைப்பு. செய்துவைத்த பக்கங்களைத் திரையில் திறந்து, அவர்கள் சொல்லும் மாற்றத்தை அவர்கள் கண்ணெதிரே செய்துகாட்ட வேண்டும். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, லேப்டாப்பை மேசைமேல் திறந்தபடியே விட்டு, துணிக்கு இஸ்திரி போட உள்ளே போனாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். திறந்த லேப்டாப்பை மாமா இருக்கிற அறையில் விட்டுவிட்டுப் போவது, பால் பாத்திரத்தைப் பூனையிடம் ஒப்படைத்து 'கொஞ்சம் பார்த்துக்கோ' என்று சொல்வதற்குச் சமம்.

பார்த்துக்கொண்டார். திரையின் மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு: புதிய கெர்னல் வந்திருக்கிறது.

கெர்னல் என்றால் பயப்பட வேண்டாம். கணினிக்குள்ளே ஒரு மேஸ்திரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீ திரைக்குப் போ, நீ விசைப்பலகையைக் கவனி, நீ பாட்டுப் பாடு என்று ஆளாளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது அவர்தான். அவர்தான் கெர்னல். இருக்கிற மேஸ்திரி ஒழுங்காக வேலை வாங்கிக்கொண்டிருந்தார். ஆனால் புது மேஸ்திரி வாசலில் நிற்கும்போது பழையவரை வைத்துக்கொண்டிருப்பது மாமாவின் இனத்துக்கே அவமானம்.

புதியவரை உள்ளே விட்டார். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருக்கலாம், ஏனென்றால் லினக்ஸ் புத்திசாலி. புது மேஸ்திரி சரிப்படவில்லையென்றால் அடுத்த முறை பழையவரையே கூப்பிட்டுக்கொள்ளும்படி அவரையும் ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கும். மாமாவுக்கு மூலையில் யாரும் உட்கார்ந்திருந்தால் பிடிக்காது. அதற்குப் பெயர் குப்பை. பழைய கெர்னலை நீக்கச் சொன்னார். லேப்டாப் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, ஐயா, தாங்கள் நீக்கச் சொல்வது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை, வேண்டாமே, நிறுத்திவிடலாமா என்று பணிவாகக் கேட்டது. நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டுகிறவனிடம் அந்த மரமே வாய் திறந்து கேட்டிருக்கிறது. மாமா 'வேண்டாம், நிறுத்தாதே' என்று தட்டினார். பிறகு லேப்டாப்பை அணைத்துப் போட்டார்.

கறுப்பு.

தயாரித்த நிறுவனத்தின் சின்னம் ஒரு கணம் மின்னியது, போனது, அவ்வளவுதான். துடைத்து வைத்த கரும்பலகை மாதிரி திரை.

இந்த இனம் இருட்டைச் சந்திக்கிற விதத்தைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் "ஒண்ணும் இல்ல" என்பார்கள். யாரும் எதுவும் கேட்காதபோதே சொல்வார்கள். அடுத்து, பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி அணைத்து மறுபடி போடுவார்கள். மூடியை, உள்ளே யாரோ தூங்குவதுபோல் மெதுவாக மூடி மெதுவாகத் திறப்பார்கள். சார்ஜரைப் பிடுங்குவார்கள், ஊதுவார்கள், செருகுவார்கள். கடைசியில் "இப்படி ஆகக் கூடாதே" என்பார்கள். இந்த வாக்கியம் வந்துவிட்டால் வீட்டார் பதுங்குகுழிக்குப் போய்விடுவது நல்லது.

இஸ்திரி போட்ட துணியோடு அக்கா வந்தாள்.

"என்னங்க, ஏன் கறுப்பா இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. புதுசு வந்திருக்கில்ல, கொஞ்சம் பழகும்."

"என்ன புதுசு வந்திருக்கு?"

மாமா சார்ஜரை மறுபடி ஊதினார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது.

"இன்னைக்கா? உங்களுக்கு இன்னைக்குத்தான் கிடைச்சுதா?"

"பாதுகாப்புக்குத்தாம்மா. நேர்காணல் நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

கூடத்தில் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த மாமாவின் அப்பா திரும்பாமலே கேட்டார்: "கரண்ட் வருதான்னு பாத்தியாடா?"

"வருதுப்பா."

"அப்ப நீ கை வெச்சிருக்க."

மாமா போனை எடுத்துக்கொண்டு கலந்துரையாடல் தளங்களுக்குள் இறங்கினார். இந்த இனத்துக்கு அதுதான் தாய்வீடு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அதே லேப்டாப், அதே கெர்னல், அதே கறுப்புத் திரையோடு ஒரு ஜீவன் தவித்திருந்தது. பக்கம் பக்கமாக ஆளாளுக்கு யோசனை சொல்லியிருந்தார்கள், நடுவில் இருவர் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்திருந்தார்கள், இன்னொருவர் 'உன்னை யார் இந்த மாடலை வாங்கச் சொன்னது' என்று கேட்டிருந்தார். மாமா விரலால் தள்ளித் தள்ளி அடி ஆழத்துக்குப் போனார். கடைசிப் பதிவு அந்த ஜீவனுடையது: 'சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.'

"எப்படின்னு சொல்லிட்டுப் போடா பாவி!" என்று மாமா போனைப் பார்த்துக் கத்தினார். அவர் அதிர்ந்து பேசி அன்றுதான் கேட்டேன்.

"டிவியில மாட்டிப் பார்த்தா என்னங்க? கேபிள் இருக்கே" என்றாள் அக்கா.

இங்கே இந்த இனத்தின் ஆணிவேர் வெளிப்படும், கவனியுங்கள். மாமா வேதனையோடு அவளைப் பார்த்தார். "அது ஒட்டுப்போடுற வேலைம்மா. மூலகாரணம் தெரியாம எதையும் செய்யக் கூடாது." வீடு தீப்பிடித்தால் நாமெல்லாம் தண்ணீர் தேடுவோம், இவர் தீக்குச்சி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரிப்பார்.

"சரி, உங்க லேப்டாப்பக் குடுங்க."

"அது ஆபீஸ் லேப்டாப். வெளி பென் டிரைவ் எதையும் தொடாது. நீ வேலை செய்யற மென்பொருளும் அதுல போட முடியாது."

"அதுக்கு மட்டும் ஒண்ணுமே ஆகறதில்ல?"

"அதை நான் தொடவே மாட்டேன். அதுல வேலை இருக்கில்ல" என்றார் மாமா, மிகவும் இயல்பாக.

கூடத்தில் செய்தி வாசிப்பவர்கூட நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டார் போலிருந்தது.

"அப்ப என்னோடதுல என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அது கூடம்வரை கேட்டது. மாமாவின் அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

மாமாவுக்கு உறைத்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது. ஆனால் இந்த இனம் வெட்கப்பட்டால் மன்னிப்புக் கேட்காது, ஸ்க்ரூடிரைவரை எடுக்கும். எடுத்தார். திரையைப் பிரித்து உள்ளே இருக்கும் ஒயரைப் பார்த்துவிடப் போகிறாராம். என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா, டார்ச்சப் பிடி. ஓரத்துல திருகாணி எங்க இருக்குன்னு பார்ப்போம்."

போனின் டார்ச்சைப் போட்டு, திரையின் விளிம்பு ஓரமாகச் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் கறுப்புத் திரையின்மேல் வழுக்கிப் போனது.

"ஏய், கையை ஆட்டாத" என்றாள் அக்கா.

குனிந்து, கன்னம் திரையில் படுகிற அளவுக்கு வந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். கிணற்றின் அடியில் கிடக்கிற காசு மாதிரி, டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும், மங்கலாக, அவள் பெயரும் அதன்கீழே கடவுச்சொல் கேட்கும் கட்டமும் தெரிந்தன. அக்கா அந்த இருட்டிலேயே கடவுச்சொல்லைத் தட்டினாள். லேப்டாப் வழக்கம்போல் 'டிங்' என்று வரவேற்றது. டார்ச்சை நகர்த்தினேன். அவளுடைய கோப்புகள் ஒன்றுவிடாமல் அவள் வைத்த இடத்தில் இருந்தன.

"எல்லாம் இருக்கு. விளக்குதான் எரியல" என்றாள் அக்கா.

புது மேஸ்திரிக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது. திரைக்குப் பின்னால் விளக்குப் பிடிக்கிற ஆளை மட்டும் அடையாளம் தெரியவில்லை. அவனைக் கூப்பிடவே இல்லை. அவன் பாவம், கூப்பிடாமல் வேலை செய்யாத நல்ல பிள்ளை.

மாமாவின் முகத்தில் வந்த ஒளியை அந்தத் திரைக்குப் பாய்ச்சியிருந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். "பேக்லைட்! நான் அப்பவே நினைச்சேன்! செட்டிங்ல ஒரே ஒரு வரி மாத்தினா போதும்மா, ஒரு தடவ அணைச்சுப் போட்டா..." என்றபடி விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோனார்.

"அந்த விரல எடுங்க."

எடுத்தார்.

அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மாமாவின் அப்பா கேட்காமலே எழுந்து இடம் விட்டார். "செய்தி எங்க ஓடிடப் போகுது, நீ மாட்டும்மா." கேபிளைச் செருகியதும், அக்காவின் பக்கங்கள் சுவர் அளவுக்கு விரிந்தன.

நேர்காணல் தொடங்கியது. அக்கா ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து அதன் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசினாள். நாங்கள் மூவரும் கேமராவுக்குத் தெரியாத மூலையில் சோபாவில் ஒடுங்கியிருந்தோம். கொஞ்ச நேரம்தான். மாமா என் காதில் கிசுகிசுத்தார்: "டிவியில கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கு பாரு. ரிமோட்ல லேசா..." அவர் கை நீண்டது. அவருடைய அப்பா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், ரிமோட்டை எடுத்துத் தன் அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அன்றைய தொழில்நுட்ப உதவிகளிலேயே உருப்படியானது அதுதான்.

மறுமுனையில் இருந்த அம்மாள், தலைமைப் பதிப்பாசிரியராம், பக்கங்களை உன்னிப்பாகப் பார்த்தார். ஒரு தலைப்பை நகர்த்தச் சொன்னார். அக்கா நகர்த்தினாள். பிறகு அவர் கேட்டார்: "ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. ஏன் எங்களைப் பார்க்காம வேற எங்கயோ பார்த்தே பேசறீங்க?"

அக்கா ஒருமுறை சோபா பக்கம் திரும்பிப் பார்த்தாள். "காலைல என் வீட்டுக்காரர் லேப்டாப்ப அப்டேட் பண்ணாருங்க. திரை போயிடுச்சு. டிவியப் பார்த்துத்தான் பேசறேன்."

சோபாவில் மாமா தன்னால் முடிந்தவரை சிறியவராக ஆனார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு. "எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரும்மா" என்றார் அந்த அம்மாள். "நேத்து ஃபிரிட்ஜ்."

அக்காவுக்கு வேலை கிடைத்தது. ஃபிரிட்ஜ் காரணமில்லை, பக்கங்கள்தான் காரணம் என்று கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பதிப்பகம் அவளுக்குப் புது லேப்டாப்பும் அனுப்பியது. பெட்டியைப் பிரிக்கும்போது மாமா பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எந்த வெர்ஷன் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். அக்கா நிமிராமல் பதில் சொன்னாள்: "தொடாதீங்க. அதுல வேலை இருக்கு." மாமா சிரித்துவிட்டார். சொன்னேனே, நல்லவர்தான். பழைய லேப்டாப் இன்னும் தொலைக்காட்சியின் பக்கத்திலேயே கேபிளோடு கிடக்கிறது. மாமாவின் அப்பா அதில் செய்தி பார்க்கிறார். அந்த ஒரு வரியை மாற்ற மாமாவுக்கு இன்றுவரை அனுமதி கிடைக்கவில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு தூரம் மாமாவைப் பார்த்துச் சிரித்தீர்கள், சரி. ஆனால் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில், 'ஐயோ, அந்த வரி எது என்று எனக்குத் தெரியுமே, எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தால் சட்டென்று முடித்துக் கொடுத்திருப்பேனே' என்று உங்கள் விரல் லேசாகத் துடித்ததா? அல்லது கெர்னல் எதுவும் தெரியாதவராக இருந்தும், தொலைக்காட்சியின் நிறத்தை அந்த மனிதர் சற்றுக் குறைத்துத்தான் பார்த்திருக்கலாமே என்று தோன்றியதா?

தோன்றியிருந்தால், அக்கா வீட்டு முகவரியை என்னிடம் கேட்காதீர்கள். அங்கே எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.