பெயர் தேர்வுக் குழுவின் பதினான்கு கூட்டங்கள்

உலகத்தில் எத்தனையோ பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. எங்கள் வீட்டுப் பேத்திக்குப் பழமையான பெயர் ஒன்றைத் தேடி நாங்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் அவையெல்லாம் சும்மா. நான் நாலாம் வகுப்போடு நின்று முப்பது வருடம் லாரி ஓட்டியவன். ஆனாலும் 'பெயர் தேர்வுக் குழு'வுக்கு என்னையே தலைவராக்கினார்கள். வீட்டில் சாய்வு நாற்காலி ஒன்றுதான். அதில் உட்கார்ந்திருந்தவன் நான்.

செயலாளர் என் மகன். அலுவலகத்தில் ஏதோ மேலாளர். சுவரில் படம் காட்டி விளக்கினான். பெயருக்கு ஆயிரம் வயதாவது இருக்க வேண்டும். ஆனால் தெருவில் யாருக்கும் இருக்கக் கூடாது. வெளிநாட்டுக்காரன் வாயிலும் நுழைய வேண்டும்.

'ஆட்சேபணைப் பிரிவு' என் தங்கை. எந்தப் பெயரைச் சொன்னாலும் அந்தப் பெயரில் அவளுக்கு வேண்டாதவள் ஒருத்தி இருந்தாள்.

"அது வேணாம்ணே. அந்தப் பேர்க்காரி என் குக்கரை வாங்கிட்டுப் போய் மூடிய மட்டும் திருப்பிக் குடுத்தா."

அறுபத்திரண்டு பெயர்கள் இப்படி விழுந்தன.

முதல் கூட்டத்தில் தேநீர் கொண்டுவந்த மருமகளும் ஒரு பெயர் சொன்னாள். உறுப்பினர் அல்லாதவர் பேச விதியில்லை என்று மகன் நினைவூட்டினான், தலைவர் தலையாட்டினார். தேநீரில் சர்க்கரை குறைவு என்பதை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றினோம்.

பதினான்காம் கூட்டத்தில் ஒரு பெயர் ஒருமனதாக நிறைவேறியது. தங்கை அன்று பல் பிடுங்கப் போயிருந்தாள்.

மறுநாள் குழந்தைக்கு ஒரு வயது நிறைகிறது. பெயர் பதிய அதுதான் கடைசி நாள். தவறினால் அபராதம் கட்டி அலைய வேண்டும் என்றார்கள். நான் யாரையும் நம்புகிறவனில்லை. படிவத்தை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் எழுத்தர்.

"குழந்தையோட அம்மா பேரு?"

"மருமக."

"பேரு கேட்டேன் பெரியவரே."

மகனுக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். தங்கைக்குப் போட்டேன். வீங்கிய வாயோடு யோசித்து, "என்னமோ சின்னதா வரும்ணே" என்றாள்.

ஆறு வருடமாக என் வீட்டில் இருப்பவள். 'இந்தாம்மா' என்றால் வந்துவிடுவாள். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

எழுத்தர் என் மகன் பெயரையும் குழந்தை பிறந்த தேதியையும் வைத்துக் கணினியில் தேடினாள்.

"இந்தக் குழந்தைக்குப் பேர் பதிஞ்சு எட்டு மாசமாச்சே. அம்மாவே வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அச்சடித்த தாளை நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். சர்க்கரை குறைந்த தேநீரோடு வந்த அதே பெயர். அதற்கும் ஆயிரம் வயது தாராளமாக இருக்கும்.

அடுத்த வரியில் தாயின் பெயர். அதையும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். முதல் தடவை அல்லவா.

ஒரு பெண் பெயருக்காக ஆயிரம் வருடம் பின்னால் போன குழு, அடுப்படி வரை பத்தடி நடக்கவில்லை. இதைக் குறிப்பேட்டில் ஏற்றத் தலைவருக்குக் கை வரவில்லை.