புகார் சொல்லாத பசு

மனிதகுலம் நெருப்பு மூட்டக் கற்றுக்கொண்ட நாளுக்குப் பிறகு இத்தனை முக்கியமான கூட்டம் நடந்ததில்லை. ஆகையால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை எழுத்தர் முதலிலேயே குறித்துக்கொண்டார். மின்விசிறிக்கு நேர் கீழே இயக்குநர். அவருக்கு வலப்புறம், பசுவின் மரபணுவைத் திருத்திய விஞ்ஞானி. இடப்புறம், பிஸ்கட் தட்டு. வாசலோரம், யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றபடி, கொட்டகைக்காரர், எழுத்தரின் மைத்துனர். ஏழாம் எண் பசு வரவில்லை. அதற்கு நடக்க முடியவில்லை.

வலியே தெரியாத பசு அது. "துன்பத்தைக் கருவிலேயே நீக்கிட்டோம்" என்றார் விஞ்ஞானி. இன்னும் இருநூறு பசுக்களை அப்படியே பிறப்பிக்க அனுமதி கேட்கும் கடிதம் அன்றே அமைச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

கடிதத்தில் 'நன்மைகள்' என்ற தலைப்பின் கீழ் பதினொன்று தேறின. கொம்பு தீய்க்க மயக்க ஊசி வேண்டாம். கொட்டகையில் கத்தல் கிடையாது. 'புகார்ப் பதிவேடு' ஓராண்டாக வெள்ளைவெளேரென்று இருந்தது.

"அபாயம் ஏதாவது உண்டா?" என்றார் இயக்குநர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

கொட்டகைக்காரர் செருமினார். "ஐயா, பின்னங்கால்ல ஆணி ஏறிப் பதினஞ்சு நாளாவது இருக்கும். அது நொண்டவே இல்ல, எனக்கும் தெரியல. இப்ப முழங்கால் வரைக்கும் சீழ். டாக்டரைக் கூப்பிடணும்."

"பசு என்ன பண்ணுது?" என்றார் இயக்குநர்.

"புல்லு தின்னுது, ஐயா."

"அதுக்கே கஷ்டமில்ல, உங்களுக்கு என்ன? டாக்டர் வந்தா பதிவேட்டுல எழுதணும். ஓராண்டு சாதனை என்ன ஆகிறது?"

கூட்டம் கலைந்தது. கொட்டகைக்காரர் எழுத்தரின் மேசையருகே குனிந்தார். "மச்சான், கடிதத்துல ஒரே ஒரு வரி எழுதுங்க. அங்கேருந்து யாராவது வந்து பார்ப்பாங்க. இல்லேன்னா அது புல்லு தின்னுக்கிட்டே செத்துடும்."

"எழுதுறேன், போ."

எழுதவும் செய்தார், மணிமணியான கையெழுத்தில். இயக்குநர் அந்த வரியை விரலால் தட்டினார். "இது கொஞ்சம் உறுத்துதே."

எழுத்தர் வேறு தாள் எடுத்தார். 'அபாயங்கள்: இல்லை.'

உறையில் அரக்கை உருக்கி ஊற்றும்போது ஒரு சொட்டு அவருடைய கட்டைவிரலில் விழுந்து கொப்புளம் போட்டது. இயக்குநர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் முகம் சுளிக்கவில்லை. முத்திரையை அழுத்தி, உறையைத் தபாலுக்கு அனுப்பினார். விஞ்ஞானி ஏழு வருஷம் பாடுபட்டுப் பசுவுக்குச் செய்ததை, அந்த அலுவலகம் எழுத்தருக்கு மரபணுவைத் தொடாமலேயே செய்து முடித்திருந்தது.