ஆண்டவரிடம் சொன்ன டி.என்.ஏ. ரகசியம்

எனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குப் புரியவைப்பது எனக்கு வராது. (எனக்காவது புரிந்ததா என்று கேட்காதீர்கள், சண்டை வரும்.) இந்தக் குறை ஒருமுறை என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

கொச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஏலக்காய்த் தோட்டங்களைப் பாழாக்கும் அழுகல் நோயைத் தடுக்க, ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை மாற்றி எழுதியிருந்தோம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது, விட்டால் அது புதுமை என்ற தகுதியே போய்விடும் என்று வக்கீல் மேடம் எச்சரித்திருந்தார். தலையாட்டிவிட்டு விடுமுறைக்குச் சொந்த ஊரான வண்டன்மேடு வந்தேன்.

வந்தால், அம்மா எனக்காகப் பொருத்தனை செய்து, வேலை கிடைத்தால் சாட்சி சொல்லவைப்பதாக ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறாள். எங்கள் சபையில் வேலை கிடைத்தாலும் ஜீப் வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று அவர் செய்த நன்மையை எல்லோர் முன்பும் சாட்சியாகச் சொல்லியாக வேண்டும்.

"அம்மா, அது ரகசியம்."

"ஆண்டவருக்குத் தெரியாத ரகசியம் ஏதுட்டி? அவரு படைச்சதுக்கு நீங்க எப்பிடி உரிமை கேப்பீங்க?"

"அவர் படைச்சதுக்குக் கேக்கலம்மா. நாங்க மாத்தினதுக்கு."

"அவரு படைச்சதையா மாத்தினீங்க?"

கடவுளிடம் சொன்னால் வெளியே சொன்னதாகாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சபையில் மைக்கைப் பிடித்தேன். (ஆராதனை நேரலையில் போவதை என் சட்டம் கவனிக்கவில்லை.)

"என் வேலையைக் கர்த்தர் ஆசீர்வதித்தார்" என்று சொல்லி உட்காரப் போனேன். முன்வரிசையிலிருந்து அம்மா, "வெளங்கும்படியா சொல்லுட்டி!" என்றாள்.

பதறிப்போய், "டி.என்.ஏ. நம்ம வேதப்புத்தகம் மாதிரி. எழுத்து எழுத்தா இருக்கும். அதுல ஒரு வசனத்தை எடுத்துட்டு..." என்றேன்.

"வசனத்தை எடுத்தீங்களா?" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தே விட்டார்.

உடனே வேதத்தை விட்டு ஏலச்செடிக்குத் தாவினேன். அங்கிருந்து குமுளி பஸ்ஸுக்கு. பஸ் அதேதான், டிரைவரை மட்டும் மாற்றினோம் என்றேன். பழைய டிரைவர் என்ன ஆனார் என்று ஓர் அக்கா கவலையோடு கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் போதகர் மைக்கை வாங்கி, "சகோதரி சொன்னதை ஆண்டவர் அறிவார், ஜெபிப்போம்" என்றார்.

திங்கட்கிழமை எனக்கு முன்பே அந்தக் காணொளி ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தது. வக்கீல் மேடம் கூப்பிட்டனுப்பினார். என் வேலையோடு அத்தனை பேர் உழைப்பும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"திரும்பத் திரும்பப் பார்த்தேன் ஜெசி" என்றார். "சும்மா பேசினா புதுமை போகாது. துறை தெரிஞ்சவங்க கேட்டு, அதே மாதிரி செய்யற அளவுக்கு விஷயம் வெளிய வந்திருக்கணும். இதைக் கேட்டு யாரும் எதையும் செய்ய முடியாது. ரகசியம் பத்திரமா இருக்கு. விண்ணப்பத்தை மட்டும் தயவுசெஞ்சு நீங்க எழுதிடாதீங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ரகசியங்களுக்கு நான்தான் பெட்டகம். போன மாதம் தம்பிக்குப் பெண் பார்த்த விஷயத்தைச் சித்தி என் முன்னால் சொல்லத் தயங்கினார்.

"தைரியமா சொல்லு" என்றாள் அம்மா. "அவ மைக்கு போட்டுச் சொன்னாலும் ஒருத்தருக்கும் வெளங்காது."