கிக்பாக்ஸிங்குக்கு நான் கூட்டம் சேர்த்த விவரம்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலம், சம்பந்தியம்மாவின் நலம், மூக்குக்கண்ணாடிக் கடையின் நலம் எல்லாவற்றையும் முறைப்படி விசாரிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் சொல்ல வேண்டிய சேதி தொண்டைவரை வந்து நிற்பதால் விசாரிப்பதையெல்லாம் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேதி இதுதான்: ஹால் நமக்கே! கட்டில்கடைக்காரர் அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதம் என் மேஜையில்தான் இருக்கிறது. கோபம் கொஞ்சம் தணியும்போதெல்லாம் எடுத்துப் படித்துச் சூடேற்றிக்கொள்கிறேன். 'யாருமே பார்க்காத ஒரு விளையாட்டுக்காக என் பெண் எதற்கு முகத்தைக் காட்டி அடிவாங்க வேண்டும், நீங்களாவது பக்குவமாகச் சொல்லி நிறுத்தக்கூடாதா' என்று கேட்டிருந்தீர்கள். மூக்குக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் தொழிலுக்கு மூக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்று கேட்கிறேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதற்கு, 'சும்மா, உடற்பயிற்சி மாதிரி ஏதோ சொல்லிக்கொடுக்கிறா' என்று சொல்லிவிட்டு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தீர்களே, நினைவிருக்கிறதா? கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மொட்டைமாடியில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு அவள் உதைத்த உதையில் கீழே சமையலறை அலமாரியிலிருந்து பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. அப்போதுதான் அந்த 'ஏதோ' என்னவென்று எங்களுக்கு விளங்கியது. பெற்ற அப்பாவே பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டால் ஒரு விளையாட்டு எப்படி ஐயா ஊரில் எடுபடும்? கிக்பாக்ஸிங் பிரபலமாகாததற்கு முதல் காரணம் நீங்கள்தான், சம்பந்தி. இதை மரியாதையோடுதான் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் வகுப்பு நடத்தும் ஹால், பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே, கட்டில்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஒருநாள் கட்டில்கடைக்காரர் மேலே வந்தார், ஹாலும் அவருடையதுதான். சுவரைத் தட்டிப் பார்த்தார். மெத்தைகளை அடுக்க இந்த இடம் தோதாக இருக்கும் என்றார். மருமகள் கெஞ்சவில்லை, அவளுக்கு அது வராது. 'ஒரு போட்டி வைக்கிறேன். வந்து பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க' என்றாள். அதற்கு அவர், 'போட்டியைப் பார்த்து எனக்கு என்னம்மா தெரியப்போகுது? நாற்காலியைப் பார்க்கிறேன். நாற்காலி நிறைஞ்சா ஹால் உனக்கு, நிறையலைன்னா மெத்தைக்கு' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என் மகன் ஆறுதல் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த ஹால் போனால் ஊரில் அவளுக்கு வேறு இடம் கிடையாது, வகுப்பும் அத்தோடு முடிந்தது. எனக்கு மனசே கேட்கவில்லை. கூட்டம் சேர்க்கும் பொறுப்பை என்னிடம் விடு என்று சொல்லிவிட்டேன். என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

கூட்டம் சேர்ப்பதென்றால் முதலில் கூட்டம் ஏன் சேரவில்லை என்று தெரிய வேண்டுமல்லவா? மருந்துக்கடையில் கேட்டேன், சலூனில் கேட்டேன், நடைப்பயிற்சியில் எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டேன். 'அது கராத்தேதானே' என்கிறார் ஒருத்தர். 'குத்துச்சண்டைன்னா எதுக்குக் காலைத் தூக்கணும், ஒழுங்கா கையால அடிக்கத் தெரியாதா' என்கிறார் இன்னொருத்தர். சலூன்காரர் கத்திரியைக் காற்றில் நிறுத்திவிட்டு, 'யாரு சார் அதுல சாம்பியன்? ஒரு பேரு சொல்லுங்க பாப்போம்' என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மருமகளைக் கேட்டால், 'எந்தச் சங்கத்து சாம்பியன் மாமா?' என்று திருப்பிக் கேட்கிறாள். சம்பந்தி, இந்த விளையாட்டில் வீதிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு உலக சாம்பியன். ஒருத்தர் இன்னொருத்தரோடு மோதமாட்டார், ஏனென்றால் சட்டம் வேறு. ஒரு சங்கத்தில் தொடையில் உதைக்கலாம், இன்னொன்றில் இடுப்புக்குக் கீழே கால் போகக்கூடாது, மூன்றாவதில் முழங்காலுக்கே அனுமதி. பார்க்க வருகிறவன் பாவம், எதற்குக் கைதட்டுவது, எதற்கு உச்சுக் கொட்டுவது என்று புரியாமல் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறான், அவன் இவனைப் பார்க்கிறான், இரண்டு பேரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இதைச் சரிசெய்யச் சுவரொட்டி அடித்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. அச்சகக்காரரிடம் கிக்பாக்ஸிங் படம் ஏது? யாரோ ஒருத்தர் கையால் செங்கல் உடைக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, 'எல்லாம் ஒண்ணுதான் சார், ஆக்ரோஷம் இருக்குல்ல' என்றார். ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. இரண்டாவது தவறு, ஒலிபெருக்கி. வாடகைக்கு வேறு எதற்கு எடுக்க வேண்டும் என்று, தள்ளுபடி விற்பனைக்காகக் கட்டில்கடையில் இருந்த மைக்கையே வாங்கி வைத்துவிட்டேன். அதன் ஒலிபெருக்கிக் குழாய்கள் ஹாலுக்குள் இல்லை, தெருவைப் பார்த்துக் கட்டியிருக்கின்றன என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாற்காலிகள் போட்டபடியே கிடந்தன. முன்வரிசையில் என் மனைவி, என் மகன், மருமகளிடம் படிக்கிறவர்கள் சிலர், அப்புறம் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர். அவர் உட்கார்ந்ததிலிருந்து 'செங்கல் எப்ப வரும்' என்று என் மனைவியைப் பிடுங்கி எடுத்துவிட்டார். கட்டில்கடைக்காரர் வாசலில் நின்று, கையில் அளவுநாடாவோடு, ஹாலின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளோடு மோத வந்தவள் பக்கத்து ஊர்ச் சங்கத்தின் உலக சாம்பியன், 'இடி' என்றுதான் அவளைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு பேரும் கையுறை மாட்டித் தயாராக நிற்க, இரண்டு சங்கத்து நடுவர்களும் தொடையில் உதைக்கலாமா கூடாதா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். மோத வேண்டியவர்கள் அமைதியாக நிற்கிறார்கள், தடுக்க வேண்டியவர்கள் சட்டையைப் பிடிக்காத குறை! மருமகள் சிவப்பு மூலையில் நின்று காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

எனக்கு வேறு என்ன தெரியும்? வேலைக்காலம் முழுக்கப் பேருந்து நிலையத்தில் ஒரே தொழில் செய்தவன். மைக்கை எடுத்தேன். தொண்டையைச் செருமினேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றேன். பழக்கதோஷம், வாயில் வேறு எதுவும் வரவில்லை. "சிறு கருத்து வேறுபாடு காரணமாகப் போட்டி சற்றுத் தாமதமாகப் புறப்படும். தடத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது. இடுப்புக்குக் கீழே இன்று எந்த உதையும் நிற்காது."

நடுவர்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அறிவித்தாகிவிட்டது, இனி என்ன வாதம்? ஆனால் அதிசயம் வெளியே நடந்தது. எதிரே பேருந்து நிலையத்தில் காத்திருந்த சனம், வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய குரல் எதிர்மாடியிலிருந்து வருவதைக் கேட்டதும், நிலையத்தையே மாடிக்கு மாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டது! பெட்டியும் பையுமாக ஒரு குடும்பம் படியேறி வந்தது. அவர்கள் ஏறுவதைப் பார்த்து இன்னொரு குடும்பம். அப்புறம் கேட்க வேண்டுமா? வரிசையாக நாற்காலிகளைப் பார்த்ததும் சந்தேகமே இல்லாமல் உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா மட்டும் என்னிடம் வந்து, 'எங்க வண்டி எந்தப் பக்கம் வரும்?' என்று கேட்டாள். 'சிவப்பு மூலையிலிருந்து வரும்மா, உட்காருங்க' என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

மணி அடித்தது. நான் விடவில்லை. "சிவப்பு மூலையிலிருந்து புறப்பட்ட வலது கால், நீல மூலையின் விலா எலும்பை இன்னும் சற்று நேரத்தில் வந்தடையும்" என்றேன், வந்தடைந்தது. "நீல மூலையின் இடதுகைக் குத்து ரத்து செய்யப்படுகிறது" என்றேன், மருமகள் குனிந்து தப்பித்தாள். நடுவர் நிறுத்தினால் ஏன் நிறுத்தினார் என்று சொன்னேன், எங்கே பட்டால் புள்ளி, எங்கே பட்டால் தப்பு என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சனம் எனக்கு முந்திக்கொண்டது. 'அது இடுப்புக்குக் கீழ! அங்க நிக்காது!' என்று பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஒருத்தர் நடுவரைப் பார்த்துக் கத்துகிறார். ஆட்களைத் தேடிக்கொண்டு ஓட்டுநரும் நடத்துநரும் மேலே வந்தார்கள். நடத்துநர் விசிலை வாயில் வைத்தார், மருமகளின் உதை ஒன்று காற்றைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்தார், விசிலை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். செங்கல் பெரியவர் நாற்காலி மேல் ஏறி நிற்கிறார், செங்கல் பேச்சே இல்லை! என் மனைவி, தீப்பெட்டி உரசும் சத்தத்துக்கே திடுக்கிடுகிறவள், 'அடிம்மா! விலாவுல போடும்மா!' என்று கத்தியதை நான் என் காதால் கேட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மைக்கில் குரல் உடையக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மூன்று சுற்றும் முடிந்தன. கடைசி அறிவிப்பை நான் சொன்னபோது மொத்த ஹாலும் எழுந்து நின்று தட்டிய தட்டலில் கீழே கட்டில்கள் ஆடியிருக்கும். எத்தனையோ பண்டிகைக் கூட்டத்துக்கு நான் அறிவித்திருக்கிறேன், ஒருத்தர்கூட எனக்குக் கைதட்டியதில்லை. கட்டில்கடைக்காரர் அளவுநாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். 'மெத்தையை வேற எங்கயாவது அடுக்கிக்கிறேன். ஹால் பொண்ணுக்கே இருக்கட்டும்' என்றார். அவரும் நின்றுகொண்டுதான் பார்த்தார், உட்கார இடமில்லை!

ஆகவே, யாருமே பார்க்காத விளையாட்டு என்ற சொல்லை நீங்கள் தயவுசெய்து வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். பார்த்தார்கள். வண்டியை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அது ஒன்றும் புரியாத விளையாட்டு இல்லை, புரியும்படி எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறார். இனி யாராவது உங்கள் கடைக்கு வந்து பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால் மின்விசிறியைப் பார்க்காதீர்கள்.

கடைசிப் பக்கம் வந்துவிட்டதால் சொன்னபடி விசாரிக்கிறேன்: நீங்கள் சௌக்கியமா? சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம், என் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் உரித்தாகட்டும். உங்கள் கடையில் கூட்டம் பெருகட்டும், பெருகாவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி
(பேருந்து நிலைய அறிவிப்பாளர், ஓய்வு. குரலுக்கு ஓய்வில்லை.)

பி.கு.: அப்பா, நான்தான் எழுதுகிறேன். கவரை ஒட்டச் சொல்லி மாமா கொடுத்தார், படித்துவிட்டேன். எழுதியிருப்பதெல்லாம் அப்படியே நடந்ததுதான். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். நான் தோற்றுப்போனேன். நடுவர்கள் இரண்டு பேருமே 'இடி'க்குத்தான் புள்ளி போட்டார்கள், அவள் கையைத்தான் தூக்கினார்கள். மாமாவுக்கு அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. மைக்கை எடுத்தார், தொண்டையைச் செருமினார். அப்புறம், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எங்கள் மருமகளின் வெற்றி, தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. அருள்கூர்ந்து காத்திருக்கவும்" என்றார். எல்லோரும் எழுந்து கைதட்டியது அதற்குத்தான். ஜனங்க நிஜமாகவே காத்திருக்காங்கப்பா. காய்கறி வாங்கப் போனால்கூட 'எப்பம்மா வருது?' என்று கேட்கிறார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மறுபடியும் அவளோடு மோதுகிறேன். மூக்கு பத்திரமாக இருக்கிறது. நான் சண்டை போட்டு நீங்க பார்த்ததே இல்லையே. வாங்கப்பா, முன்வரிசையில் உங்களுக்குத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.