முழங்கால்வரை வளர்ந்த நாடு

முழங்கால் போய்விட்டது. இடுப்பு அமிழும்போதாவது ஒத்துக்கொள்வான், எப்படியும் ஒத்துக்கொள்வான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள் அஞ்சுகம்.

வற்றிய ஏரியில் தம் சிலைக்கு அடிக்கல் நாட்டப் போன மேட்டுநாட்டு மன்னர் நெடுவேலன், சேற்றில் கால் வைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. “அது சேறு, போகாதே” என்று சிறுவயதுத் தோழியான அவள் சொன்னாள். அமைச்சர்கள் கெட்டித்தரை என்றார்கள். மன்னர் மிதித்த இடமெல்லாம் கெட்டித்தரை என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே அவர் அமிழவில்லை.

“மன்னர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்” என்று அறிவித்தார் தலைமை அமைச்சர் பொன்னம்பலவாணர். “நாடுதான் முழங்கால் அளவு வளர்ந்திருக்கிறது.”

கூட்டம் கைதட்டியது. “எங்க வீட்டு உலைப்பானை மட்டும் வளரலையே சாமி?” என்றாள் ஒருத்தி.

“தினமும் பக்கத்திலிருந்து பார்ப்பதால் உனக்குத் தெரியவில்லை, அம்மா.”

இடுப்பும் அமிழ்ந்தது. குடிமக்களின் தலைகள் மன்னர் தலையைவிட உயரத்தில் இருப்பது ராஜத்துரோகம் என்று சட்டம் வந்தது. ஆளுக்கொரு குழி வெட்டி இறங்கினார்கள். அமைச்சர்களின் குழிகளுக்குப் பட்டு விரிப்பு உண்டு. வயலுக்குப் போக ஆளில்லை. பயிரை ஆடுகள் மேய்ந்தன. மார்பளவு வந்ததும், குழியை இன்னும் ஒரு முழம் ஆழமாக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. தூக்கிவிடச் சொல்லி எல்லாக் குழிகளிலிருந்தும் கைகள் உயர்ந்தன. ஏகமனதாக நிறைவேறியது.

அஞ்சுகம் மட்டும் சேற்றின்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் குப்புறப் படுத்து, அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். படுத்திருந்ததால் அவள் தலை சட்டப்படி தாழ்வாகவே இருந்தது. முன்பு வந்த பஞ்சத்தின்போது அரண்மனை அரிசியை முதலில் தெருவுக்கு அனுப்பியவன் இவன்தான் என்பது அவளுக்கு மறக்கவில்லை. அதனால்தான் கோபமும் அதிகமாக வந்தது.

சேறு கழுத்தைத் தொட்டது.

“தோழியாரின் தலை மன்னரைவிட நான்கு விரற்கடை உயரத்தில் உள்ளது” என்று குழிக்குள்ளிருந்து பொன்னம்பலவாணரின் குரல் வந்தது.

“படுத்துத்தானே கிடக்கிறேன். இதுக்குமேல எப்படிப் படுக்கிறதாம்?”

“தங்களுக்கென்றே ஒரு குழி ஒதுக்கப்பட்டுள்ளது. காற்றோட்டமானது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை குழிகள். கைகொடுத்து இழுக்க, தரையில் நிற்பவர் ஒருவர்கூட இல்லை.

“வேலா, பலகையைப் பிடி. தப்பா மிதிச்சுட்டேன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். சும்மா பிடி, போதும்.”

சேற்றுக்கு அடியில் அவர் கை அசைந்ததுபோல் இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

“இத்தனை பேரைக் குழியில இறக்கிட்டு, நான் மட்டும் எப்படி வெளியே வர்றது, அஞ்சு?” என்றார் மன்னர் தாழ்ந்த குரலில். “எனக்காக ஒரே ஒரு உதவி செய். நீயும் இறங்கிடு. நீ ஒருத்தி மேல இருக்கிறதாலதான் நான் அமிழ்ற மாதிரி தெரியுது.”

அவர் அவளிடம் இதுவரை எதுவுமே கேட்டதில்லை.

“மாட்டேன்” என்றாள் அஞ்சுகம், குரலை உயர்த்தாமல். பலகையை இன்னும் ஒரு சாண் அவர் முகவாயருகே தள்ளினாள்.