குடையோடு ஆஜரான இடைத்தரகர்

இடைத்தரகர் ஒழிப்புத் தலைமை அலுவலகத்துக்குப் பேராபத்து ஒன்று நேர்ந்தது: அதன் வேலை முடிந்துவிட்டது. இடைத்தரகர் எவரும் எஞ்சவில்லை என்று அந்த அலுவலகமே அறிக்கை அளித்திருந்தது. மேலிடம் அதை நம்பித் தொலைத்துவிட்டது. அப்படியானால் அலுவலகத்தை ஆண்டிறுதியோடு மூடிவிடலாம் என்று உத்தரவு வந்தது. வாசலுக்கு வெளியே முக்காலி போட்டு அமர்ந்து, உள்ளே நகராத கோப்புகளை நகர்த்தித் தரும் ஒருவர் இருந்தார் என்பது உண்மையே. ஆனால் அவர் சுற்றுச்சுவருக்கு அப்பால் இருந்தமையால் அலுவலகத்தின் பார்வை வரம்புக்குள் வரவில்லை. ஊழியர்கள் அவரை அன்போடு வெளியண்ணன் என்று அழைத்தனர்.

தலைமை அலுவலருக்கு நாற்காலி போகும், கார் போகும். அவற்றைக்கூடத் தாங்கிக்கொள்வார். மேசை மணி போய்விடுமே என்பதுதான் அவரை உருக்கியது. தட்டினால் யாராவது ஓடிவரும் மணி அது.

இந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டு ஒரு காலை அவர் பால்கனிக்குப் போனபோது, கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் அவருடைய மனைவி பைன் கன்று ஒன்றைத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன இது, வேர் முழுக்க வெள்ளையா நூல் நூலா? பூசணமா? தூக்கிப் போடு."

"கையை எடுங்க. பூஞ்சைதான், ஆனா வேரோட கூட்டாளி. வேர் நுழைய முடியாத இண்டு இடுக்குல எல்லாம் இந்த நூல் புகுந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து குடுக்கும்."

"சும்மாவா?"

"யாரு சும்மா செய்வா? இலை சமைக்கிற சர்க்கரைல செடி ஒரு பங்கு குடுக்கும்."

"அப்ப, மண்ணுக்கும் செடிக்கும் நடுவுல நின்னுக்கிட்டு..."

"ஆமா."

"பங்கும் வாங்கிக்கிட்டு..."

"ஏங்க, உங்க முகம் ஏன் இப்படிப் பளபளங்குது?"

அன்றே நகரப் பூங்காவின் பைன் நாற்றங்காலில் ஓர் அறிவிப்புப் பலகை நடப்பட்டது. 'மேற்படி வேர்களை அண்டிப் பிழைக்கும் பூஞ்சையாகிய தாங்கள், தங்களை ஏன் ஒழிக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை நேரில் ஆஜராகி அளிக்க வேண்டும்.' பூஞ்சை வரவில்லை. பிறகு நல்ல மழை ஒன்று பெய்தது. உதவியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், ஆஜராயிட்டாங்க!"

"எத்தனை பேர்?"

"எண்ண முடியல சார். பலகையைச் சுத்திக் காளானா முளைச்சு, ஆளுக்கொரு குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"விசாரணைக்குக் குடையோடயா? திமிரைப் பாத்தியா!"

பூஞ்சையை ஒழிக்க மண் ஆவியில் வேகவைக்கப்பட்டது. கன்றுகளின் வேர்கள் கழுவித் துடைத்து மறுபடி நடப்பட்டன. 'நேரடிப் பாஸ்பரஸ் வழங்கல் திட்டம்' மலர்ந்தது. பூஞ்சை ஒண்டியாகச் செய்த வேலைக்கு வேர்க் கண்காணிப்பாளர்கள், துணைக் கண்காணிப்பாளர்கள், அவர்களுக்குக் கீழே கரண்டியாளர்கள் என்று ஒரு பட்டாளமே நியமிக்கப்பட்டது. கொட்டப்பட்ட பாஸ்பரஸோ மண்துகளைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, விழுந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வேர்கள் எட்டியவரை தின்று தீர்த்துவிட்டுப் பட்டினி கிடந்தன. கோப்பில் இவ்வாறு பதிவாயிற்று: 'சரக்கு போதிய இருப்பில் உள்ளது. பயனாளி வந்து பெற்றுக்கொள்ளவில்லை.'

"வேர் எப்படிங்க வரும்?" என்றார் மனைவி.

"வரிசையில வரட்டும்."

பட்டாளத்துக்கு வேளைதோறும் தேநீர் வழங்கப்பட்டது. அதில் கரைந்த அளவு சர்க்கரையைப் பூஞ்சை தன் பரம்பரையிலேயே கண்டதில்லை.

பசியில் கன்றுகளின் ஊசியிலைகள் ஊதா நிறமாயின. 'புதிய வண்ணம் எய்தப்பெற்றது' என்று அறிக்கை வெளியாயிற்று. உடனே நகரத்தில் ஊதா பரவியது. ஊதாச் சட்டை, ஊதா உதட்டுச்சாயம், ஊதாத் திரைச்சீலை. ஊதா அணியாதவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று, சென்ற வாரம்வரை பழுப்பு அணிந்தவர்கள் பழித்தனர். கன்றுகள் மட்டும் இந்தப் புகழைத் தாங்கமாட்டாமல் ஒவ்வொன்றாய்ச் சாகத் தொடங்கின.

அப்போதுதான் இடி விழுந்தது. அலுவலகத்தை மூடுவதா, வைத்திருப்பதா என்பதை அமைச்சர் நாற்றங்காலைக் கண்ணால் பார்த்தே முடிவுசெய்வாராம். அவர் ஊதாவை அறவே வெறுப்பவராம்.

"பழைய பைன் மரத்தடி மண்ணு நாலு வாளி கொண்டுவந்து போடுங்க. அதுல அந்த நூல் இருக்கும்," என்றார் மனைவி.

ஆனால் பூஞ்சை மண்ணை இடம் பெயர்ப்பதற்குத் தடை இருந்தது; விதித்தவர் தலைமை அலுவலரேதான். ஆகவே தம் அலுவலகத்துக்கே விண்ணப்பித்தார். விண்ணப்பத்தைத் தலைமை அலுவலர் பரிந்துரைக்க வேண்டும். தலைமை அலுவலரே விண்ணப்பதாரர் ஆகிவிட்டதால் அவர் பரிந்துரைக்கலாகாது. கோப்பு படுத்துவிட்டது. அவர் மணியைத் தட்டினார்.

உதவியாளர் வந்து குனிந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. வெளியண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா..."

தலைமை அலுவலர் சுற்றுச்சுவரைத் தாண்டினார். மாலைக்குள் அனுமதி வந்தது; பைன் மரத்தடி மண்ணும் நாற்றங்காலுக்கு வந்து சேர்ந்தது.

அமைச்சர் அமைச்சர்களின் வழக்கப்படி தாமதமாக, அதாவது சில மாதம் கழித்து வந்தார். எஞ்சிய கன்றுகள் அதற்குள் தளதளவென்று பச்சை கட்டியிருந்தன. இடைத்தரகரை ஒழித்தால் பயிர் எப்படிச் செழிக்கிறது பாருங்கள் என்று அமைச்சர் முழங்க, கூட்டம் கைதட்டியது. விழாவுக்கான நுழைவுச் சீட்டை அவர்கள் அனைவரும் வெளியண்ணனிடம்தான் வாங்கியிருந்தனர். போகும்போது மறவாமல் அவருக்கு வணக்கம் சொல்லிப் போயினர். அலுவலகம் நிரந்தரமாக்கப்பட்டது.

"மணி தப்பிச்சுது!" என்று வீட்டுக்குள் குதித்து வந்தார் தலைமை அலுவலர்.

"அனுமதி எப்படிக் கிடைச்சுது?"

அவர் மேல்கூரையை ஆராய்ந்தார்.

"வெளியண்ணன்தானே? பூஞ்சை உங்க ஆபீஸ் மாதிரி இல்லீங்க, வாங்கினா வேலையைச் செய்யும். அவரும் அப்படித்தான்."

"உனக்கு அவரை எப்படித் தெரியும்?"

"பின்ன? உங்களை அந்த நாற்காலியில உக்கார வச்ச ஃபைல், தானா நடந்து போச்சுன்னா நினைச்சீங்க?"

தலைமை அலுவலரின் கை பழக்கதோஷத்தில் சாப்பாட்டு மேசைமீது மணியைத் தேடியது. சர்க்கரை டப்பாதான் தட்டுப்பட்டது.