நீல விளக்கும் நாறாத மீனும்

வனுவா லெவுத் தீவில், எங்கள் துறையில் மட்டும் மீன்கள் கெடுவதை நிறுத்திக்கொண்டன. உபயம் அபெனிசா. போன மாதம்வரை மதுக்கடை வாசலில் விளக்கு மாட்டியவர். இப்போது 'ஒளித் தந்தை'. பெரிய ஆலைகளில் பொட்டல மீனுக்குக் கதிர் பாய்ச்சுகிறார்களாம், கிருமி சாகிறதாம். அந்தக் கதிரை ஆண்டவர் இவருடைய நீல விளக்குக்குள் இறக்கிவிட்டார். மின்கட்டணத்தை மட்டும் ஆண்டவர் எங்களுக்கு விட்டுவைத்தார்.

பையில் கட்டிய மீனைத் தந்தையின் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மூடியில் விளக்கு தொங்கும். மறுநாளும் மீன் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். கூட்டம் சும்மா இருக்குமா? ஒருவர் பல்செட்டைக் கொண்டுவந்தார். ஒருத்தி தூங்குமூஞ்சிப் புருஷனையே இழுத்துவந்தாள். அவர் தலையைப் பெட்டிக்குள் விட்டார், தும்மிக்கொண்டே எடுத்தார். "கிருமி வெளியேறுது!" என்றார் தந்தை. கைதட்டினோம்.

மீன் விற்கும் விலிமைனாவின் மகளுக்குக் கல்யாணம் நெருங்கியது. புருஷன் சேரு ஐஸ் வாங்க மாட்டேன் என்றான்.

"ஐஸ் எதுக்குடி? தந்தை வீட்டுக்கே வந்து விளக்கு காட்டுவாரு."

"விருந்து தின்னுட்டு சம்பந்தி வீட்டுக்காரங்க வயித்தால போயி விழுந்தா, உங்க தந்தையா தூக்குவாரு?"

விலிமைனா, நாங்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டைக் கொண்டுபோய்த் தந்தையின் முன் வைத்தாள். காணிக்கை என்று நினைத்தவர் வேரைத் தொட்டு, கை குவித்துத் தட்டி ஏற்றுக்கொண்டார். எங்கள் ஊரில் வேரை ஏற்றவர் கேட்டதை மறுக்க முடியாது. தலைவராலேயே முடியாது. என்ன கேட்கப்போகிறாள் என்று முதலிலேயே விசாரிக்கத் தந்தையின் பேராசை விடவில்லை.

"என்ன வேணும் மகளே?"

"ஒரே மீனுல ரெண்டு பை. ஒண்ணு உங்க பெட்டிக்குள்ள, விளக்கு இல்லாம. ஒண்ணு வெளிய பாயில, விளக்குக்குக் கீழ. நாளைக்குப் பாப்போம்."

தந்தை பெட்டியை மறித்து நின்றார். "ஒளியைச் சோதிக்கக் கூடாது..."

"வேரைத் தொட்டுட்டீங்களே தந்தையே!" என்று பக்தர்களே கத்தினார்கள்.

மறுநாள் பாயிலிருந்த பை தலையணையாக உப்பியிருந்தது. பிரித்ததும் பக்தர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். இருட்டுப் பெட்டியிலிருந்த மீனின் கண் பளபளத்தது. சேரு ஆத்திரத்தோடு பெட்டியின் அடிப்பலகையைப் பெயர்த்தான். கீழே ஐஸ், குவியல் குவியலாக!

"அப்ப விளக்கு எதுக்குய்யா?"

"அது... அழகுக்கு," என்றார் தந்தை.

"நெசமான கதிரு பாய்ச்சின மீனையும் குளிர்லதான் வைப்பாங்க," என்றாள் விலிமைனா. "தப்பிச்ச கிருமி மறுபடி பெருகும்ல."

பல்செட்காரர் ஐஸ் முன்னால் முழங்காலிட்டார். "அப்ப இதத்தான் கும்பிடணுமா?"

விலிமைனாவுக்கு வந்ததே கோபம்! "எந்திரிய்யா! மீனு கெடாம இருக்க ஐஸ் வேணும். மூளை கெடாம இருக்க, அத அப்பப்ப எடுத்து உபயோகிச்சாலே போதும்!"